காலை ஆறு மணிக்கு வீட்டில் இல்லாமலிருப்பது எப்படி

பொழுதுபோக்குகளில் பெரும்பாலானவை நமக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கும். தையலை இரவு பத்து மணிக்கு எடுக்கலாம். புத்தகத்தைப் பேருந்தில் பிரிக்கலாம். பறவை பார்த்தல் அப்படிப்பட்டதன்று. பொழுது புலர்ந்த பிறகு இரண்டு, இரண்டரை மணி நேரந்தான் பறவைகள் இரை தேடிச் சுறுசுறுப்பாகத் திரியும். வெயில் ஏறத் தொடங்கியதும் நாணல் மறைவுக்கும் மர நிழலுக்கும் ஒதுங்கிவிடும். மாலையில் இன்னொரு வாய்ப்பு உண்டென்றாலும், மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்ப முடிகிறது. ஆகவே எனக்கு வேண்டியிருந்தது காலை ஆறு முதல் எட்டு வரையிலான நேரம். பால் காய்ச்சுவது, தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது, பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது என்று ஒரு வீட்டின் வேலையெல்லாம் வந்து குவிவதும் அதே இரண்டு மணி நேரத்தில்தான்.

நாங்கள் இருப்பது கோவையில், சிங்காநல்லூர் குளத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில். நொய்யல் ஆற்றுப் பாசனத்தைச் சேர்ந்த பழைய குளங்களுள் அதுவும் ஒன்று. நகரத்துக் கழிவுநீர் கலந்து நாறினாலும் கூழைக்கடாவும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் அதை விட்டுப் போவதில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தட்டைவாயனும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வந்து சேரும். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் தம்முடைய எட்டு மடங்குப் பைனாகுலரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்து அனுப்பினார். சாம்பல் நிற வாத்து என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்த பறவையின் அலகு நுனியில் மஞ்சளும் அடியில் இரண்டு சிவப்புப் பொட்டும் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அது புள்ளிமூக்கு வாத்து. அதன் பிறகு எனக்கென்று ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசற்படி தாண்டுவதற்குத்தான் வீட்டையே கொஞ்சம் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், அவருடைய அம்மாவான அத்தை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன். பாத்திரம் துலக்க ஓர் அக்கா வருகிறார். ஆனால் தம் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டரை மணிக்கு மேல்தான் அவரால் வர முடியும். அவரை ஆறு மணிக்கே வரச் சொல்லிக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள். என் காலை நேரத்தை மீட்பதற்கு இன்னொரு பெண்ணின் காலை நேரத்தை விலைக்கு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டிலேயே கையும் காலும் நன்றாக இருக்கும் நான்கு பேர் இருக்கிறார்களே.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தது இந்தச் சமயத்தில் எனக்குக் கைகொடுத்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்களை. 2019இல் இந்த எண்கள் 299, 97 என்று இருந்தன. அதாவது இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இரு தரப்பும் குறைந்திருக்கிறதே தவிர இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. மேலும், ஆண்களுக்கான சராசரி என்பது வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்டது. 2019 கணக்கெடுப்பில் அப்படிக் கை வைத்தவர்கள் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே, பெண்களில் 81.2 விழுக்காட்டினர். கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு இப்படிப்பட்ட எண்களைப் பார்த்தால் உடனே சொந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும்.

அந்தக் கணக்கெடுப்பில் முந்தைய நாள் அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் அதிகாலை நான்கு மணி வரையிலான நேரத்தை அரை மணி அரை மணியாகப் பிரித்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களாம். அதே முறையில் என் காலைப் பொழுதை ஒரு வாரம் எழுதிவைத்தேன். வேலைகளைப் பங்கிட நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்பேன். ஏனென்றால், எழுதிப் பார்க்கும்வரை எல்லாமே காலையில்தான் செய்தாக வேண்டியவை போலத் தோன்றும். எழுதிய பிறகுதான் தெரிந்தது, காலை நேரத்துக்கே உரிய வேலைகள் மிகக் குறைவு என்று. பால் காய்ச்சுவது, நல்ல தண்ணீர் வரும் நாளில் அதைப் பிடிப்பது, அடுப்பில் வைத்து இறக்குவது, டப்பாவில் போட்டு மூடுவது, பிள்ளைகளை வழியனுப்புவது, இவ்வளவுதான். மற்றவை எல்லாம் எப்போதோ காலையில் வந்து ஒட்டிக்கொண்டவை. சின்ன வெங்காயம் உரிப்பதும், காய் நறுக்குவதும், சீருடை தேய்ப்பதும், காணாமற்போன சாக்ஸைக் கட்டிலுக்கடியில் தேடுவதும் இரவுக்கு நகர்த்தப்படக்கூடியவையே.

ஆகவே பகிர்ந்துகொள்வதற்கு முன்னால் நகர்த்தினோம். இதில் சமையலறைக்கென்று சில சூட்சுமங்கள் உண்டு. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், புடலங்காய் ஆகியவற்றை இரவே நறுக்கி மூடியிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுத்துப்போகும். வெண்டைக்காயை நறுக்கி வைத்தால் மறுநாள் கொழகொழவென்று இருக்கும். எனவே இந்த மூன்றையும் நான் வீட்டில் இருக்கும் காலைகளுக்கு ஒதுக்கிவிட்டோம். கீரையை ஆய்ந்து வைக்கலாம், ஆனால் அலசக் கூடாது. ஈரத்தோடு வைத்தால் காலையில் அழுகல் வாடை வந்துவிடும். உரித்த சின்ன வெங்காயம் மூடிய டப்பாவில் இரண்டு நாள் தாங்கும். துருவிய தேங்காயைச் சிறு சிறு பங்காக உறைய வைத்துவிட்டால் சட்னிக்கு அரை மணி முன்னால் எடுத்து வெளியே வைத்தால் போதும். இவ்வளவையும் நகர்த்தியபோது காலை வேலை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. கணவரிடமும் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டியிருந்தது அந்த மீதிப் பாதியை மட்டுமே. முழு மலையையும் காட்டி இதைத் தூக்கு என்று சொல்லியிருந்தால் எவரும் பக்கத்தில் வந்திருக்க மாட்டார்கள்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நான் மட்டும்தான் எல்லாவற்றையும் செய்கிறேன்’ என்று தொடங்கும் பேச்சு எங்கள் வீட்டில் அதற்கு முன்பு பலமுறை நடந்திருக்கிறது. அது எப்போதும் யார் அதிகம் களைத்துப்போகிறார்கள் என்ற வழக்காகவே முடியும். இந்த முறை குறிப்பாகக் கேட்டேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய மூன்று நாட்களிலும் ஆறு மணிக்கு நான் வெளியே போவேன், எட்டு மணிக்குத் திரும்புவேன், இடையில் இன்னின்ன வேலைகள் நடந்தாக வேண்டும் என்று எழுதிய தாளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுவில் வைத்தேன். கணவருக்கு அதில் பெரிய மறுப்பு எழவில்லை. தடை வந்தது அத்தையிடமிருந்து.

“ஏனம்மிணி, ஆம்பளப் பையன் அடுப்படியில நின்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? குருவி பாக்கறதுக்குன்னு காலங்காத்தால வீட்ட உட்டுட்டுப் போவாங்களா?”

“வாரத்துல மூணு நாளுதானுங்க அத்தை. ஞாயித்துக்கெழம வேன்கூட வராதுங்க.”

“மூணு நாளுன்னுதான் ஆரம்பிக்கும்.”

அத்தைக்குக் கவலை ஊர்ப் பேச்சைப் பற்றி மட்டும் அன்று. அடுப்படியைப் பொறுத்தவரை நாற்பது ஆண்டுகளாக அவர் சொல்லே கடைசிச் சொல். இப்போது ஒரு தாளில் எல்லோர் பெயரும் இருந்தது, அவர் பெயரைத் தவிர. முழங்கால் வலிக்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நாங்கள் நல்லெண்ணத்தோடு விட்டதை, தம்மை ஒதுக்கிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். மறுநாள் அவர் பெயரையும் சேர்த்தோம், அவரே தேர்ந்துகொண்ட வேலைகளோடு: மாலையில் தொலைக்காட்சி பார்த்தபடி வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும், அவற்றோடு தம் மகனுக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பதும். கடைசியாகச் சொன்னதை அவர் பணியாக எடுத்துக்கொள்ளவில்லை, பதவியாக எடுத்துக்கொண்டார். கால் வலிக்கிறது என்று நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஐம்பதை நெருங்கும் தம் மகனை, ‘தீயக் கொற, தீயக் கொற’ என்று விரட்டுவதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை நான் வேறெதிலும் கண்டதில்லை.

முதலில் கற்றுக்கொடுக்கத் தேர்ந்தது அரிசிம்பருப்பு சாதம். கொங்கு வீடுகளில் வேறு எதுவும் இல்லாத நாளில் கைகொடுக்கும் உணவு அது. ஒரே குக்கரில் முடிந்துவிடும், பள்ளி டப்பாவில் ஆறிப்போனாலும் தொண்டையில் இறங்கும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு. கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, கை நிறையச் சின்ன வெங்காயமும் நாலைந்து பூண்டுப் பல்லும் வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள் தூள் சேர்த்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூன்று விசில். இந்த அளவைக் கணவர் தம் கையால் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். நான் எழுதிக் கொடுத்திருந்தால் அது என் குறிப்பாகவே இருந்திருக்கும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கு என்று நான் சொன்னதை அவர், ‘வெங்காயம் – 4 நிமிடம் – சிறு தீ’ என்று எழுதிக்கொண்டார். அவருக்கு அதுதான் விளங்கும் கணக்கு.

தொடக்க வாரங்களில் குளக்கரையில் நான் நின்ற நேரத்தைவிடத் தொலைபேசியில் பேசிய நேரம் அதிகமாக இருந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகை அகல விரித்து, கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் சறுக்கியபடி இறங்கிக்கொண்டிருக்கின்றன. பையில் மணி அடிக்கிறது. “ஏம்புள்ள, இந்தச் சீரகம் எங்க இருக்குது?” சொல்லிவிட்டுப் பைனாகுலரை எடுத்தால் மறுபடியும் மணி. “பாப்பாவுக்கு இன்னிக்கு எந்த யூனிபார்மு? வெள்ளையா, கலரா?” அதன் பிறகு மகன், தண்ணி டேங்க் நிரம்பிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்க. அடுப்பருகே நின்றது அவர்தான் என்றாலும் வீட்டை நடத்திக்கொண்டிருந்தது குளக்கரையில் நின்ற நானே. உடம்பு மட்டும் வெளியே வந்து, மனம் சீரக டப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றது.

வேலையைப் பகிர்ந்துகொண்ட பிறகும் தங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று என் தோழிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். என் அரை மணிக் கணக்கில் பதிவாகாத வேலைகள் ஏராளம் இருந்தன. கேஸ் சிலிண்டர் எப்போது தீரும், மாவு எத்தனை நாளைக்கு வரும், புதன்கிழமை விளையாட்டுப் பாடம், வேன் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று நினைவில் வைத்திருப்பதற்கு எந்தக் கட்டத்திலும் நேரம் எழுத முடியாது. ஆனால் அவை நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே இரண்டாவது முறை பங்கிட்டபோது வேலையை அதன் நினைவோடு சேர்த்தே கொடுத்தோம். துணி என்றால் சலவை இயந்திரத்தில் போடுவது மட்டுமன்று. சோப்புத் தூள் தீர்வதைக் கவனிப்பது, மழை வருமா என்று பார்ப்பது, காயப்போடுவது, மடிப்பது, மறுநாள் யாருக்கு எந்தச் சீருடை என்று தெரிந்துவைப்பது வரை எல்லாம் மகளின் பொறுப்பு. தண்ணீரும் குப்பையும் மகனுடையவை. நல்ல தண்ணீர் எங்கள் பக்கம் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும், வரும் நேரமும் மாறும். அவன் நாட்காட்டியில் குறித்துவைத்து அடுத்தது எப்போது என்று ஊகிக்கிறான், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதும் அவனே. சிலிண்டர், மளிகை, மாவு ஆகிய மூன்றும் கணவருக்கு.

மகளுக்கும் மகனுக்கும் ஏறத்தாழச் சம அளவு வேலை வருமாறு பார்த்துக்கொண்டேன். வயதில் மூத்தவள் என்ற பெயரில் மகளை இரண்டாவது அம்மாவாக ஆக்கிவிடுவது நம் வீடுகளில் மிக எளிதாக நடந்துவிடும். என் காலை நேரம் அவள் படிக்கும் நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின்போது பிள்ளைகளின் வேலை பெரியவர்களுக்கு வரும். அப்போது அது தானாக என் பக்கமே உருண்டு வந்துவிடாமல் இருக்க, யார் எதை எடுத்துக்கொள்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்தோம்.

மாவு விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. கோவையில் இருப்பவர்களுக்கு வெட் கிரைண்டர் பெருமைக்குரிய பொருள். புவிசார் குறியீடு பெற்ற இயந்திரம். ஆட்டுக்கல்லில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) மணிக்கணக்கில் ஆட்டியதை அது அரை மணியில் செய்துவிடுகிறது. ஆனால் ஆட்டுக்கல்லின் அருகில் உட்கார்ந்திருந்தவரேதான் கிரைண்டரின் அருகிலும் நிற்கிறார். கை வலிதான் போனதே தவிர, உளுந்து ஊறவைக்க நினைவு வைத்திருப்பதும், நடுநடுவே தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுவதும், கல்லைக் கழுவுவதும் யார் என்ற கேள்வியை எந்த இயந்திரமும் தீர்த்துவைக்காது. எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை மாலையில் கணவர் ஆட்டுகிறார். நாலுக்கு ஒன்று என்று இட்லி அரிசியும் உளுந்தும், ஒரு கரண்டி வெந்தயமும். உளுந்தை முதலில் அரைத்து வழித்துவிட்டுப் பிறகு அரிசி போட வேண்டும் என்பதை அத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். உளுந்து மாவைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மிதக்க வேண்டும் என்ற சோதனை அவருக்கு மிகவும் பிடித்துப்போய், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செய்துகாட்டுகிறார்.

தொலைபேசிக்கும் ஒரு விதி வைத்தோம். குளக்கரையில் இருக்கும்போது நான் எடுக்க மாட்டேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இரண்டு முறை தொடர்ந்து அழைக்க வேண்டும். சீரகம் கிடைக்கவில்லையென்றால் சீரகம் இல்லாமல் சமைக்கலாம். டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டியது இந்த விதியால் விளைந்த நன்மை. இத்தனை காலம் எது எங்கே என்பது என் தலைக்குள் மட்டுமே இருந்ததால், நான் இல்லாமல் அந்தச் சமையலறை இயங்கவே முடியாத நிலையில் இருந்தது.

பிறர் செய்த வேலையைத் திருத்தாமல் இருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மகள் புடவையை மடிக்கும் விதம் எனக்குப் பிடிக்காது. கணவர் பாத்திரங்களை அடுக்கினால் பெரியவற்றுக்குள் சிறியவை காணாமற்போகும். ஆனால் அவர்கள் மடித்ததை நான் பிரித்து மறுபடி மடித்தால் அடுத்த வாரம் அது என் வேலையாகிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆகவே விட்டுக்கொடுக்க முடியாதவை எவை என்று மட்டும் எழுதிக்கொண்டோம்: வெளியே கிளம்பும்போது கேஸை மூடுவது, குடிநீர்க் குடத்தை மூடிவைப்பது, பாலைக் காய்ச்சாமல் விடாதது, அசைவம் நறுக்கிய பலகையைத் தனியே கழுவுவது. இவற்றைத் தவிர மற்றவை செய்பவர் விருப்பம். சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தாலும் டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது.

எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு செல்லாது. பொங்கலுக்குக் கணவரின் ஊருக்குப் போகும்போது, பெரிய குடும்பம், பெரிய அடுப்பு. அங்கே யார் எதைச் செய்வது என்பது எங்களுக்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் கட்டுவதில் தொடங்கிப் பட்டிப்பொங்கல் வரை பெண்களுக்கு உட்கார நேரம் இருக்காது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்போ சரியாக அந்த நான்கு நாட்களில்தான் வரும். நல்லவேளையாக, குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியலிட்டால் அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பதினைந்து நிமிடத்துக்கு யாரிடமும் தாள் எழுதிக் கொடுத்துப் பேச வேண்டியதில்லை. பால் பொங்கி, பூசை முடிந்து, ஆண்கள் பந்தியில் உட்கார்வதற்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. அப்போது களத்துமேட்டில் நின்று மயில், மைனா, கரிச்சான், உண்ணிக்கொக்கு, பஞ்சுருட்டான், ஆட்காட்டி என்று எழுதிவிடுவேன். போன பொங்கலுக்குக் கணவர் வழி உறவான நங்கையாவும் கூட வந்தார். செம்போத்து கூப்பிட்டால் காரியம் கைகூடும் என்று சொல்லி, அதையும் எழுதச் சொன்னார். பறவை கண்ணில் படவில்லையே என்றேன். காதில் விழுந்தால் போதாதா என்றார். போதும் என்பதுதான் கணக்கெடுப்பின் விதியும்.

ஏற்பாடு குலைகிற வாரங்களும் வரும். எனக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலை. கணவருக்குத் திடீர் வெளியூர்ப் பயணம். அப்படிப்பட்ட வாரங்களில் நாளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். செவ்வாய் போனால் வெள்ளி. ‘இந்த ஒரு வாரம் மட்டும்’ என்று விட்ட பாட்டு வகுப்புகளும் நடைப்பயிற்சிகளும் அதோடு நின்றுபோனதை எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு மட்டும் நேரம் ஒதுக்கித் தரும் ஏற்பாடு நெடுநாள் நிற்காது. குளிர்கால வாத்துகள் மார்ச்சு மாதத்தோடு வடக்கே கிளம்பிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வியாழக்கிழமைக் காலையை அவர் ஷட்டில் விளையாட எடுத்துக்கொள்கிறார். அன்று அடுப்படி முழுக்க என்னுடையது. அவர் எழுதி ஒட்டிய தாளைப் பார்த்து நானும் வெங்காயத்தை நான்கு நிமிடம் சிறு தீயில் வதக்குகிறேன். சுவை ஒன்றும் குறையவில்லை.

இப்போது பேச்சு மாலை நேரத்தைப் பற்றியதாக மாறியிருக்கிறது. எங்கள் பகுதியில், வள்ளியின் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். கோவை மாவட்டத்துக் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதிலிருந்தே அத்தைக்கு அதில் ஒரு கண். ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். முழங்கால் வலியோடு எப்படி ஆடுவீர்கள் என்று மகன் கேட்டதற்கு, “பாட்டுப் பாடறதுக்கு முட்டி எதுக்குடா?” என்று அத்தை திருப்பிக் கேட்டார். பயிற்சி வாரத்தில் மூன்று மாலை, ஆறரை முதல் எட்டரை வரை. மூன்று நாளுதானா அத்தை என்று நான் கேட்கவில்லை. ஆனால் வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் அந்த நேரத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. அவை இரவு நடக்கவில்லையென்றால் மறுநாள் காலையில் எனக்குக் குளம் இல்லை. வெங்காயத்தை இப்போதைக்கு மகனும் அப்பாவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கீரையை மகன் ஆய்ந்தால் தண்டு பாதி, இலை பாதியாக இருக்கிறது. அத்தை பயிற்சிக்குப் போகாத நாட்களுக்குக் கீரையை மாற்றிவிடலாம் என்று கணவர் சொல்கிறார். அந்த நாட்களில் கீரைக்காரம்மா எங்கள் தெருவுக்கு வருவதில்லை. உழவர் சந்தையில் வாங்கி வருவது யார் என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவுசெய்ய வேண்டும், நான் குளத்திலிருந்து திரும்பிய பிறகு.